லிஃப்ட் திறக்காத வாரம்

மலையின் உச்சியில் மட்டும் வெள்ளை. சல்லடையில் கோதுமை மாவை வைத்து ஒரே ஒரு தட்டு தட்டியதுபோல, அவ்வளவுதான். அதற்குக் கீழே பழுப்பு. அதற்கும் கீழே நனைந்த பச்சை.

நவம்பர் இருபது. சுகிர்தா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இன்னும் இல்லை.

நவம்பர் இருபத்தைந்து. மழை. மலையில் பனியாய் இறங்க வேண்டியதெல்லாம் ஊருக்குள் தண்ணீராய் இறங்கி, தெருவோரம் சலசலத்து, ஆற்றுக்குப் போனது. இன்னும் இல்லை.

அவளுடைய பனிச்சறுக்குப் பலகை குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அதன் அடிப்பாகத்துக்கு மூன்று முறை மெழுகு தேய்த்தாயிற்று. நாலாம் முறை தேய்த்தால் பலகைக்கே கூச்சமாக இருக்கும்.

சுவிற்சர்லாந்தின் இந்தப் பள்ளத்தாக்குக்கு அவள் வந்தபோது நாலு வயது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மலை என்பது ஜன்னலில் தெரிவது. கலண்டரில் வருவது. ஏறுவதற்கோ சறுக்குவதற்கோ அல்ல. வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் குளிர்காலத்தில் மேலே போனார்கள். அவள் கீழே நின்று வளர்ந்தாள்.

இருபத்து மூன்றாம் வயதில் மேனகாதான் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேனகா ஆஸ்பத்திரியில் தாதி. குரலில் எப்போதும் ஒரு அவசரம். "விழுவாய். பிறகு எழும்புவாய். அதுக்கு மேல ஒண்டும் இல்ல" என்றாள் முதல் நாள்.

விழுந்தாள். எழும்பினாள். ஐந்து குளிர்காலம் அப்படியே போயிற்று.

சனிக்கிழமை என்றால் மூன்று பேர். சுகிர்தா, மேனகா, மின்வேலை செய்யும் ஜெனூசன். அவனுடைய வான் எப்போதும் வயர் மணக்கும். பிளாஸ்கில் தேத்தண்ணி. பாணுக்குள் சம்பல். மலைச்சரிவில் கம்பியில் ஓடும் இருக்கை லிஃப்டில் மூன்று பேரும் கால்களைத் தொங்கவிட்டு மேலே போவார்கள். இறங்கும்போது மேனகா முதலில், ஜெனூசன் நடுவில், சுகிர்தா கடைசி. எப்போதும் கடைசி. விழுகிறவள் பின்னால் வந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இந்த ஆண்டு மேனகாவுக்கு டார்வினில் வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கு முனை. இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கே இரண்டே பருவம், ஒன்றில் மழை, மற்றதில் வெயில். டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை விமானம்.

லிஃப்ட் நவம்பர் இருபத்தொன்பதில் திறப்பதாக இருந்தது. பனி போதவில்லை. டிசம்பர் ஆறுக்குத் தள்ளிப் போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் புது அறிவித்தல் வந்தது. டிசம்பர் பதின்மூன்று.

மூன்று பேருக்குமான கைபேசிக் குழுவில் மேனகா எழுதினாள்: "சரி, பரவாயில்ல."

சுகிர்தா அதை மூன்று தரம் வாசித்தாள். மேனகா பரவாயில்லை என்கிற ஆள் இல்லை. வரிசையில் நிற்கவே பொறுமை இல்லாதவள். அவள் எழுதிய அந்த இரண்டு சொல்லும் சுகிர்தாவின் நெஞ்சில் போய்க் குத்தின.

வெள்ளிக்கிழமை குளிர் இறுகியது. வெதுப்பகத்தில் பாண் போடும் காலை வேலை முடித்து வெளியே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. காடு முடியும் இடம் வரைக்கும், மேய்ச்சல் நிலம் முழுக்க. வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

அந்த மேய்ச்சல் நிலம் அவளுக்குத் தெரியும். போன கோடையில் மூன்று மாதம், மேலே உள்ள, பாலைக் காய்ச்சிப் பாற்கட்டி செய்யும் குடிலில் வேலை செய்தாள். மாடுகளைத் தேடி அந்தச் சரிவு முழுக்க நடந்திருக்கிறாள். கற்களைப் பொறுக்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். புல் மெத்தையாய்க் கிடந்தது. பனி சரிந்து விழும் அளவுக்குச் செங்குத்தும் இல்லை.

அங்கேயே நின்று ஜெனூசனுக்கு அழைத்தாள்.

"லிஃப்ட் இல்லாமல் என்னெண்டு ஏறுறது?"

"நடந்து."

"மூண்டு மணித்தியாலம் சுகி!"

"ரெண்டரை. வான ஆறரைக்குக் கொண்டு வா."

அவன் சிரித்தான். அப்படியென்றால் சம்மதம்.

பின்னேரம் மேனகாவின் வீட்டுக்குப் போனாள். கூடம் முழுக்கச் சூட்கேஸ். மேனகாவின் அம்மா தராசோடு நின்றார். விஷயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை பிளேன், பிள்ளை. கையக் கால முறிச்சுக்கொண்டு வந்தாளெண்டா நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

மேனகா கண்ணாலேயே சுகிர்தாவைக் கெஞ்சினாள்.

"அன்ரி, அந்த இடம் எனக்குத் தெரியும்," என்றாள் சுகிர்தா. "எங்க கல்லு, எங்க குழி, எல்லாம் தெரியும். நான் முன்னால போறன். நான் போற கோட்டிலதான் அவை ரெண்டுபேரும் வருவினம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. நான் முன்னால போறன்.

"நாலு மணிக்கு இஞ்ச வீட்டில நிக்கவேணும்," என்றார் மேனகாவின் அம்மா. தராசைத் திரும்ப எடுத்தார்.

சனிக்கிழமை. காட்டுப் பாதையில் மூன்று பேர், முதுகில் மூன்று பலகை. முதலில் சேறு. பிறகு உறைந்த சேறு. பிறகு பைன் மரங்களின் கீழே உப்புத் தூவியதுபோல் கொஞ்சம். பிறகு கணுக்கால் அளவு.

மூச்சு புகையாய் வந்தது. ஏறினார்கள். பலகை தோளை அறுத்தது. ஏறினார்கள். ஜெனூசன் இரண்டு தரம் நின்று இடுப்பில் கைவைத்து வானத்தைத் திட்டினான். ஏறினார்கள்.

காடு முடிந்தது. முழங்கால் அளவு பனி, ஒருவரும் மிதிக்காதது. வெயில் அப்போதுதான் எதிர் மலையைத் தாண்டி வந்து அந்த நிலத்தின் மேல் விழுந்தது. மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

மேய்ச்சல் நிலத்தையும் ஏறி முடித்து, பாற்கட்டிக் குடிலின் பின்பக்கம் உயர்ந்த மேட்டில் நின்று பலகைகளைக் காலில் பூட்டினார்கள். கிளிக். கிளிக். கிளிக். சுகிர்தாவுக்குப் பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். முன் காலில் பாரத்தைக் கொடுத்தாள்.

நிலம் வழிவிட்டது.

முதல் வளைவு. பனி பக்கத்தில் விசிறியாய் எழுந்தது. இரண்டாம் வளைவு. இடப்பக்கம் கற்குவியல், அவள் வலம் எடுத்தாள். கோடையில் ஓடை பாய்ந்த பள்ளம், அவள் மேலால் சுற்றினாள். கால் யோசிக்கவில்லை. மாடு தேடிய கால். பின்னால் இரண்டு பலகைகளின் சத்தம், பட்டுத்துணி கிழிவதுபோல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறார்கள்.

அப்போதுதான் அதைக் கண்டாள். பனிக்கு மேலே ஒரு சாண் நீளத்தில் கறுத்த மரத்துண்டு. வேலிக்கால். செப்டம்பரில் அவள் ஊருக்கு இறங்கும்போது இந்த இடத்தில் வேலி இல்லை. பிறகு போட்டிருக்கிறார்கள்.

பலகையைக் குறுக்கே திருப்பினாள். கையை உயர்த்தினாள். "நில்லுங்கோ!"

குரல் எதிர் மலையில் பட்டது. பின்னால் இரண்டு பலகையும் கிறீச்சிட்டு நின்றன. மேனகா நின்றது அவளுக்கு ஒரு கை தூரத்தில்.

சுகிர்தா குனிந்து கையுறையால் பனியைத் தள்ளினாள். நாலு விரல் ஆழத்தில் முட்கம்பி. இழுத்துக் கட்டியது, சரிவின் குறுக்கே, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரை.

அந்த வேகத்தில் அந்தக் கம்பியில் கால் போயிருந்தால் என்பதை மூன்று பேரும் தனித்தனியே நினைத்து முடித்தார்கள்.

"நீ முன்னால வந்தது நல்லதாப் போச்சு," என்றாள் மேனகா கடைசியில். "நானெண்டா பாத்திருக்க மாட்டன். பறந்திருப்பன்."

பலகைகளைக் கழற்றினார்கள். கம்பியைத் தாண்டினார்கள். ஜெனூசன் தன் சிவப்புக் கழுத்துத் துண்டை அவிழ்த்து வேலிக்காலில் கட்டினான், வேறு யாரும் வந்தால் தெரியட்டும் என்று. திரும்பப் பூட்டினார்கள். சுகிர்தா திரும்பவும் முன்னால்.

இப்போது நேராக விட்டாள். காற்று காதை அடைத்தது. வெயில், நிழல், வெயில். கண்ணீர் வந்தது, காற்றினால், அல்லது காற்றினால் மட்டுமல்ல. வாய் திறந்திருந்தது. கத்திக்கொண்டிருந்தாள் என்பது கீழே வந்த பிறகுதான் தெரிந்தது.

காட்டோரம், மரங்களின் கீழே பனி மெலிந்த இடத்தில் பலகை புல்லைப் பிடித்தது. முகங்குப்புற விழுந்தாள். அவள் மேல் மேனகா. மேனகாவின் மேல் ஜெனூசன். சிரிப்பு. மூச்சு வராத, வயிறு நோகிற சிரிப்பு.

இரண்டரை மணித்தியாலம் ஏற்றம். கம்பியில் நின்றது போக, நாலு நிமிஷம் இறக்கம்.

மேனகா எழுந்து உட்கார்ந்தாள். தலைமயிரில் புல். மேலே பார்த்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து இருபது.

"இன்னொருக்கா, அந்தக் குடில் மட்டுக்குமெண்டா," என்று தொடங்கி, சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். மேனகா எப்போதும் எல்லாவற்றையும் தானே தீர்மானிப்பவள். "ஏலுமோ?"

சுகிர்தா கணக்குப் பார்த்தாள். இங்கிருந்து ஒரு மணித்தியாலம் மேலே. நாலு நிமிஷம் கீழே. காடு. வான். நாலு மணி.

"ஏலும்," என்றாள்.

ஜெனூசன் ஏதோ முணுமுணுத்தபடி எழும்பித் தன் பலகையையும் மேனகாவின் பலகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான். சுகிர்தா பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். நடக்கத் தொடங்கினாள்.