போட்டாச்சுன்னு சொன்னாரு

நாகர்கோவிலில் அந்தப் பங்குத் தரகு அலுவலகத்தின் சோபாவில் இஞ்ஞாசி நுனியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, கழுத்தில் பவுடர் தட்டி, மனைவி செசிலி இஸ்திரி போட்டுக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். இருந்தும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து எதிர் நாற்காலிக்கு மாறியதும், மீன்வாடை அடிக்கிறதோ என்று சட்டைக் கையை மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஏசிக் காற்று நேராக விழுந்ததால் அவர் மாறியிருக்கலாம். வெட்கப்படத் தொடங்கின மனுஷனுக்குக் காரணமா முக்கியம்?

கடற்கரையில் அவர் ஏலக்காரர். கரைக்கு வரும் மீனை விலை சொல்லி விளிக்கிறவர். அவர் தொண்டையைத் திறந்தால் ஐஸ் வண்டிக்காரன்கூட ஹாரனை நிறுத்துவான். விலை ஏறி நின்றதும் "ஆச்சு" என்பார். சொன்னால் மீன் கைமாறிவிட்டது என்று அர்த்தம். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. சொன்ன சொல்லை மாற்றினவனை மறுநாள் கரையில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் மனுஷனைக் குழியில் தள்ளியது.

செசிலிக்கு முழங்கால் முட்டு தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கென்று சேர்த்த பணத்தைக் கொஞ்சம் பெருக்கிவிடலாம் என்று ஒரு கப்பல் கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். பெருகவும் செய்தது. போன வாரம் ஒரு காலையில் விலை எகிறி நின்றபோது விற்றுவிடத் தீர்மானித்தார். செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே விடவில்லை. ஏலத்தின் நடுவில் இந்த அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். ஆர்டர் எடுக்கும் ராஜகுமார், "போட்டாச்சு அண்ணாச்சி" என்றான். சொல்லிவிட்டானே, பிறகு என்ன? ஃபோனைச் சட்டைப்பையில் போட்டவர் சாயங்காலம் வரை எடுத்துப் பார்க்கவே இல்லை. பார்த்தபோது, மத்தியானத்துக்குமேல், விலை தலைகுப்புற விழுந்த பிறகுதான் விற்றிருந்தார்கள். பாதிப்பணம் போயிற்று. கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள். பிறகு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் லைன் அறுந்தது. நாலைந்து நாள் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் நேரில் வந்திருந்தார்.

மானேஜர் வைகுண்டராஜன் ஒருவழியாகக் கூப்பிட்டார்.

"வித்ததுக்கு உங்க ஃபோனுக்கு மெசேஜ் வந்துதா?"

"அவரு போட்டாச்சுன்னு சொன்னாருல்லா சார்."

"சொன்னா ஆயிருமா அண்ணாச்சி? மெசேஜ் வரணும், நீங்க பாக்கணும்." மானேஜர் சிரித்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். கூடவே இஞ்ஞாசியும் சிரித்துவைத்தார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. இதே பேச்சைக் கரையில் ஒருத்தன் பேசியிருந்தால் அவன் வாயைக் கிழித்திருப்பார். இங்கே "சார், சார்" என்றுதான் வருகிறது.

"ராஜகுமாரு அப்பிடிச் சொல்லவே இல்லங்கான். பிந்து, அந்த ஃபோன் ரெக்கார்டைப் போட்டு விடும்மா, அண்ணாச்சியே கேக்கட்டு."

பிந்து என்ற பெண் தேடி எடுத்துப் போட்டாள். முதலில் வந்தது அவருடைய குரல்தான். "வணக்கம் சார், இஞ்ஞாசியாக்கும் சார், ஒரு சின்ன உபகாரம்..." தன் குரல் இவ்வளவு குழையும் என்று அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ராஜகுமார். "ஒரு நிமிசம், இன்னொரு லைன்ல பெரிய பார்ட்டி நிக்காங்க." கொஞ்சம் சத்தமில்லை. "செரி, போட்டாச்சு அண்ணாச்சி."

மானேஜரின் சிரிப்பு நின்றது. இஞ்ஞாசி நிமிர்ந்தார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

பதிவு அதோடு முடியவில்லை. ராஜகுமார் ஃபோனை வைக்காமலே பெரிய பார்ட்டியிடம் போயிருக்கிறான். இவரும் அணைக்காமல் பைக்குள் போட்டிருக்கிறார். துணி உரசும் சத்தம். அதற்குமேல் அவருடைய நிஜமான குரல், ஏலக்குரல், சாளை மீன் பெட்டிக்கு விலை விளித்தது. நடுவில் ஒரு பெண்குரல்.

"அண்ணே, அம்பது கூட்டிக் கேட்டேன். அண்ணே, இஞ்ச பாருங்க."

"ஆச்சு. கம்பெனி வண்டிக்கு."

"நான் கேட்டது உங்க காதுல விழலியாண்ணே?"

"கேக்கல, போ பிள்ளே."

நாலு பேர் சிரிக்கிற சத்தம். பிந்து நிறுத்தினாள்.

அலுவலகத்தில் யாருக்கும் அது ஒன்றுமில்லை, சந்தை இரைச்சல். இஞ்ஞாசிக்குக் காது சுட்டது. அது இரணியல் பக்கமிருந்து விடியுமுன் பஸ் ஏறி வரும் அன்னக்கிளி. ஒரு பெட்டி சாளை கிடைத்தால் தெருத்தெருவாக விற்று வீடு போய்ச் சேர்வாள். அன்றைக்கு அவள் கேட்டது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. மீன் கம்பெனி வண்டி தினமும் வரும், மொத்தமாக எடுக்கும். இவள் ஒரு பெட்டிக்காரி. பெரிய பார்ட்டி நிற்கும்போது சின்ன ஆளின் சொல்லுக்கு என்ன நடக்கும் என்பதை ராஜகுமார் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

"ஹெட் ஆபீசுக்கு எழுதிப் போடுங்க, அவங்க கேட்டு முடிவு சொல்லுவாங்க," என்றார் மானேஜர், இப்போது முகத்தைப் பார்க்காமல். படியிறங்கும்போது பிந்து பின்னால் வந்து அந்தப் பதிவை அவர் ஃபோனுக்கு அனுப்பித் தந்தாள். "பைசா திரும்பக் கிடைக்கும் அண்ணே, விட்டுராதீங்க. ஆனா முழுசா அனுப்பணும். இடையில வெட்டினா ஒத்துக்க மாட்டாங்க."

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. மும்பையிலோ எங்கோ இருக்கிற அதிகாரிக்குத் தமிழே தெரியாது, அவன் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். மனது கேட்கவில்லை. கேவலமாக இருந்தது. தனக்கு அநியாயம் நடந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி, தான் செய்த அநியாயத்தையும் சேர்த்தல்லவா சொல்கிறது.

செசிலி அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"போன காரியம் என்ன ஆச்சு?"

"அவன் சொன்னதுக்கு ரெக்கார்டு இருக்கு."

"போடுங்க, நானும் கேக்கட்டு."

"பொறவு கேக்கலாம்."

"இப்பக் கேட்டா என்னவாம்? என் முட்டுக்கு உள்ள பைசால்லா."

அதற்குமேல் மறுக்க முடியவில்லை. ராஜகுமார் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடலாம் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு போட்டார். "போட்டாச்சு அண்ணாச்சி" வந்ததும் செசிலியின் முகம் மலர்ந்தது. "சொல்லியிருக்கானே பாவி. மாதாவே, பைசா கிடைச்சுரும்." நாள் குறித்த பிறகு அவள் இப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விரல் தாமதித்துவிட்டது. துணி உரசியது. அண்ணே, அம்பது கூட்டிக் கேட்டேன்.

நெத்திலிக்குள் அவள் கை நின்றது. கடைசிச் சிரிப்புச் சத்தம் வரைக்கும் கேட்டாள்.

"நம்ம அன்னக்கிளியில்லா?"

"ம்."

அவள் ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, யாரையும் குறைசொல்லாத குரலில், "உங்களுக்கு முந்தி ஏலம் விளிச்ச ஆளும், நான் மீன் எடுக்கப் போவும்ப, எனக்கு இப்பிடித்தான் சொல்லுவாரு. கேக்கல, போ பிள்ளேன்னு. அதுக்குப் பொறவுதான் நான் அடுத்த கரைக்கு நடக்கத் தொடங்குனது. திரும்பி வரும்ப தலையில கூடை. அந்த நடையிலதான் இந்த முட்டு போச்சு," என்றாள்.

இஞ்ஞாசி ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"எடுங்க. இன்னொருக்க போடுங்க."

"எதுக்கு செசிலி?"

"அவ கேட்டதை நானாவது கேக்கட்டு." அவள் செதிள் ஒட்டிய கைகளை மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஃபோன் பக்கமாகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவர் போட்டார். வணக்கம் சார், இஞ்ஞாசியாக்கும் சார் என்று தொடங்கியது. செசிலி கண்ணை மூடிக்கொண்டாள்.