தகரம் கழற்றிய ஜன்னல்கள்

நல்லது செய்கிறேன் என்று வரிந்துகட்டிக் கிளம்புகிறவனை முதலில் பிடித்து உட்காரவைக்க வேண்டும். 1979-ல் என்னை யாரும் உட்காரவைக்கவில்லை.

காரைக்காலில் எங்கள் பத்திரப் பதிவு ஆபீஸ் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். நீளமான கூடம், வடக்குச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு நான்கு ஜன்னல்கள். எழுபத்தேழு புயலில் மேல்பாதிக் கண்ணாடி நொறுங்கியதும் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். கீழ்ப்பாதியை இரும்பு அலமாரிகள் மறைத்துக்கொண்டன. தலைமை எழுத்தர் குஞ்சிதபாதத்தின் மேஜைக்கு மட்டும் ஒரு சந்தில் வெளிச்சம் வரும். மற்றவர்கள் நட்டநடுப் பகலில் மங்கல் பல்புக்கு அடியில் கோப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்போம்.

உள்கோடி மேஜை லூர்தம்மாளுடையது. அவர் கணவர் சூசைமுத்து எங்களோடு வேலை பார்த்து இறந்தவர். அதற்காகக் கொடுத்த தற்காலிக வேலை அது. பிரெஞ்சு படித்தவர் என்பதால் பழைய பத்திரங்களைத் தமிழில் பெயர்த்து எழுதுவார். இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அந்த வருஷம் அவர் எழுத்தில் பிழைகள் வந்தன. போலகம் கிராமத்து நிலம் ஒன்றின் எண்ணில் மூன்று எட்டாகிவிட்டது. குஞ்சிதபாதம் மெமோ கொடுத்தார். இன்னும் ஒரு பிழை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வெளிச்சம் பத்தலைங்க," என்றார் லூர்தக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்பிள்ளையை இருட்டில் உட்காரவைத்துவிட்டு, எழுத்து தப்பு என்று மெமோவா? அவர் பேரில் மெமோவுக்குப் பதிலை நானே எழுதினேன். 'பிழைகளுக்கு இடத்தின் இருட்டே காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.' இரண்டாவது வாக்கியத்துக்கு அடிக்கோடும் போட்டேன். என் சாமர்த்தியம்!

அதோடு விட்டேனா? கூடத்தை அளந்து படம் போட்டேன். பொதுப்பணி இன்ஜினீயர் சோமசேகரன் வீட்டு வாசலுக்கு நடையாக நடந்தேன். அவர் ஒருநாள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருந்து வர்ற வெளிச்சந்தான் உள்ள வரைக்கும் போகும். அதைப் போய் அடைச்சு வச்சிருக்கீங்களே," என்றார்.

தகரத்தைக் கழற்றிக் கண்ணாடி போடுவது. அலமாரிகளை ஜன்னலுக்குக் குறுக்கே நிறுத்தாமல் பக்கவாட்டில் திருப்புவது. தெற்குச் சுவருக்கும் கூரைக்கும் வெள்ளையடித்து, வந்த வெளிச்சத்தைத் திருப்பி மேஜைகளுக்கு அனுப்புவது. அவ்வளவுதான் வேலை. அவர் சொன்னபோது நான் துள்ளாத குறை.

லூர்தக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எதுக்குத் தம்பி இவ்வளவு சிரமம்? இருக்கிறபடியே இருந்துட்டுப் போவட்டுமே."

"சும்மா இருங்கக்கா. உங்களுக்காகத்தான் இவ்வளவும்."

"எனக்காகன்னா வேணாம் தம்பி. கேக்குறேன்ல?"

கெஞ்சினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வேலை முடிந்து திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது கூடமே வேறாக இருந்தது. உள்கோடிச் சுவரில் பல்லி ஓடுவதுகூடத் தெரிந்தது. குஞ்சிதபாதமே வாய்விட்டு, "பேஷ்!" என்றார். உற்சாகத்தில் ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு லூர்தக்கா மேஜைக்குப் போனார்.

"இப்பப் படிங்கம்மா, பார்ப்போம்."

லூர்தக்கா எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். கணீரென்று படித்தார். நாங்கள் பெருமையோடு கேட்டோம். அது எல்லாப் பத்திரத்துக்கும் பொதுவான ஆரம்ப வாசகம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? குரல் சட்டென்று நின்றது.

"விற்கிறவர் பேரு என்ன போட்டிருக்கு?" என்றார் குஞ்சிதபாதம்.

லூர்தக்கா காகிதத்தை முகத்தருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். விரலால் வரியைத் தடவினார். பிறகு, பழக்கதோஷத்தில்,

"வெளிச்சம் பத்தலைங்க," என்றார்.

எல்லோரும் ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தோம். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"தஞ்சாவூரு டாக்டரு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லிட்டாருங்க," என்றார் பொதுவாக. "கண் நரம்பு கொஞ்சங்கொஞ்சமாப் பட்டுப்போயிட்டே வருதாம். கண்ணாடி போட்டாலும் பிரயோசனம் இல்லையாம். சின்னவ பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

குஞ்சிதபாதம் கெட்டவர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டார். ஆனால் கோப்பில் என் எழுத்து இருந்தது. இருட்டே காரணம், வேறு காரணம் இல்லை. இருட்டு போய்விட்டது. அதற்குமேல் அவரால் என்ன மறைக்க முடியும்?

கண் பரிசோதனைக்கு அனுப்பும் தாளை அன்று மாலை என்னைத்தான் எழுதச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு லூர்தக்காவின் முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். தாளை மேஜையில் வைத்தேன்.

"யாருங்க?" என்றார் என்னை நேராகப் பார்த்து.

"நான்தான்க்கா. உத்திராபதி."

"கையெழுத்தா தம்பி? எங்க போடணும்?"

அவர் விரலைப் பிடித்துத் தாளில் அந்த இடத்தில் வைத்தேன். விரலை எடுக்காமல், அதை ஒட்டியே, கோணாமல் கையெழுத்துப் போட்டார்.