பேசினது சிஸ்டத்தில் ஏறாது

ஒரு காதில் மருத்துவமனை கேஷியர், இன்னொரு காதில் முசுடு. நடுவில் நின்று போனும் கையுமாக மல்லாடிக்கொண்டிருந்தாள் அவள். மென்பொருள் கம்பெனியில் வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை; ஆபீசில் அவளுக்குச் 'சமாதானம்' என்று பெயர். முசுடு, மருத்துவமனைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதியவன். வேலையில் புலி; வாயைத் திறந்தால் வம்பு.

"அவ்வளவு பெரிய பட்டன் கண்ணுக்குத் தெரியலையான்னு கேளு," என்றான்.

"அக்கா, பட்டன் ஓரமா ஒளிஞ்சிருக்காம். நடுவுல கொண்டுவந்து வைக்கிறேங்கறாரு," என்று போனில் சொன்னாள் சமாதானம்.

போனில் சிரிப்புச் சத்தம். முசுடு முறைத்தான். முறைத்துக்கொண்டே பட்டனை நடுவில் வைத்தான்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நிரந்தரமாக்க அவர்தான் சிபாரிசு செய்யவேண்டும். புருஷனுக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

"நீ முடிச்ச புகாருன்னு ஒண்ணுமே காணோமேம்மா?"

"புகாரா வர்றதுக்கு முந்தியே பேசி முடிச்சுடறேன் சார்."

"நல்லதுதான். ஆனா பேசினது சிஸ்டத்துல ஏறாதே!" மனுஷர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு யோசனை உதித்து, அதுவே சிரிப்பாக மாறிவிட்டது.

மறுநாளிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டாள். கேஷியர் கூப்பிட்டால், "கோவிச்சுக்காதீங்கக்கா, புகாராப் பதிஞ்சுடுங்க," என்றாள். அதற்கு முசுடு, 'மென்பொருளில் குறையில்லை, உபயோகிப்பவரைச் சோதிக்கவும்' என்று பதில் எழுதினான். அப்புறம் கேட்கவேண்டுமா? ரசீதில் நோயாளி பெயர் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்கே மெயிலில் குடுமிப்பிடிச் சண்டை. மேலதிகாரிகளுக்கெல்லாம் நகல் போயிற்று. சண்டை முற்றியதும் சமாதானம் பழையபடி போனை எடுப்பாள். இரண்டு பேரையும் சிரிக்க வைத்துத் தீர்ப்பாள். தீர்த்ததைத் தன் பெயரில் பதிந்துகொள்வாள்.

"நீ வேணும்னே பண்றியா?" என்றான் முசுடு.

"உன் மெயில் ஒண்ணு போதாதா? நான் வேற தனியாப் பண்ணணுமா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. முசுடு தன் காசில் கேக் வாங்கி வந்து, யாரோடும் பேசாமல் வெட்டிக் கொடுத்தான். புருஷனுக்கு ஒரு துண்டு கட்டி எடுத்துப் போனாள். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மெயில்களைப் படித்தவர்கள், இந்தக் குழுவில் யாருக்கும் பேசத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பேச்சுத்திறன் பயிற்சிக்கு முதல் பெயர் அவளுடையது. அதிகப் புகார்கள் அவள் பெயரில்தானே இருந்தன.

வகுப்பறை வாசலில் எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள். "அடுத்தவங்க சொல்றதை முதல்ல காது கொடுத்துக் கேட்கணும்," என்று ஆரம்பித்தார் பயிற்சியாளர். கூடைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. 'கேஷியர் அக்கா' என்று திரையில் வெளிச்சம். சமாதானம் பாதி எழுந்தாள்.

"உட்காருங்கம்மா. கவனிக்கப் பழகணும்."

உட்கார்ந்தாள். போன் நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.