பிறந்த வீட்டுக் கோடி

"ஒரே பைதானா?" என்று கேட்ட சுங்க அதிகாரி, பதிலுக்குக் காத்திராமல் ஜிப்பைத் திறந்தாள்.

செல்லக்கிளிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சிங்கப்பூர் விமானத்தில் மதுரை வந்து இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு பெரிய பெட்டியும், போதாததற்குத் தைலமும் சாக்லேட்டுமாக ஒரு மூட்டையும் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நடுவில் ஒருத்தி தோளில் ஒற்றைப் பையோடு விறுவிறுவென்று நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவளே காலையிலிருந்து ஒரு மனுஷரையும் நம்பாமல்தான் வந்துகொண்டிருந்தாள்.

பையில் சாயம் மங்கிய பருத்திச் சுடிதார்கள், ஒரு துண்டு, பல் துலக்கும் சாமான். அடியில் கடைத்தாள் பிரிக்காத இலைப்பச்சைச் சேலை ஒன்று.

"எத்தன நாள் இருப்பீங்க?"

"தெரியல மேடம்."

"திரும்பிப் போக டிக்கெட்?"

"போடல."

"இந்த டிக்கெட்ட யாரு போட்டது?"

"எங்க வீட்டுக்காரரு."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"அம்மாவுக்கு முடியல. வழுக்கி விழுந்துருச்சு. ஐசியூல வச்சிருக்காங்க."

யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல அவளுக்கே கேட்டது. அதிகாரி சேலையை மடிப்பு மடிப்பாக விரித்து உதறினாள். தங்கம் ஒன்றும் விழவில்லை.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்குத்தான். பொங்கலுக்குன்னு வாங்கினது. கிளம்பறப்ப நானே எடுத்து வச்சேன்."

அதிகாரி சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தாளைச் சுற்றி உள்ளே வைத்தாள். "பாத்துப் போங்கம்மா" என்றாள். அதுவரை அவள் குரலில் இல்லாத கனிவு செல்லக்கிளிக்குப் பிடிக்கவே இல்லை. இவளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தெரியாமல் என்ன? வெளியூரில் இருப்பவர்களுக்குச் சாவைச் சாவென்று சொல்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் ஏது? 'சீரியஸ்' என்பார்கள், 'மூச்சுத் திணறல்' என்பார்கள். பெரியப்பா இறந்தபோது துபாயில் இருந்த அவர் மகனுக்கு, "லேசா முடியலண்ணே, பதறாம வாங்க" என்று போன் பண்ணியதே செல்லக்கிளிதான். பெரியப்பாவை அப்போது ஐஸ் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அந்த வித்தையை அவளிடமே காட்டினால் எப்படி?

முந்தின நாள் இரவு தம்பி சிவக்குமார் அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டபோதே அவளுக்கு உறைத்தது. "அம்மாகிட்ட குடுடா" என்றாள். ஐசியூவுக்குள் போன் விட மாட்டார்கள் என்றான். "அப்பாகிட்டயாச்சும் குடு." "அப்பா பேசுற நெலமைல இல்லக்கா" என்று வைத்துவிட்டான். பாவம், அப்பா அழுதுகொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

அவள் புருஷன் விருமாண்டி, நாலு கடை ஏறி இறங்காமல் ஒரு குடை வாங்க மாட்டான். அவன் விலையைக்கூடப் பார்க்காமல் டிக்கெட் போட்டான். அவள் எடுத்து வைத்த பூப்போட்ட சுடிதாரைப் பையிலிருந்து உருவி, மங்கலாக ஒன்றைத் திணித்தான். ஏன் என்று கேட்டதற்கு, "இது துவைக்க லேசு" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் துணி துவைப்பதைப் பற்றி அவன் பேசியது அன்றைக்குத்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனவன், அவள் கிளம்பும்வரை முகத்தைக் காட்டவில்லை.

ஆக, அம்மா போய்விட்டாள். விமானம் கடலுக்குமேல் வந்தபோது அவள் அதை உறுதி செய்துகொண்டாள். அடுத்த கணமே இன்னொன்றும் தோன்றியது. நல்லவேளை, போனது அப்பா இல்லை.

தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் உண்மை அதுதான். அம்மாவிடம் பேசினால் 'சாப்பிட்டியா, பிள்ளைக்குச் சளி விட்டுருச்சா' என்பதோடு முடிந்துவிடும். அப்பா தினமும் வீடியோவில் வருவார். "கிளி, இங்க பாரு" என்று புது ஆட்டுக்குட்டியைக் காட்டுவார், வாழைத்தாரைக் காட்டுவார், மழை வந்தால் போனை வெளியே நீட்டி மழையைக் காட்டுவார். அப்பா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அவள் பைக்குமேல் கையை வைத்துக்கொண்டு அழாமல் வந்தாள். அந்தத் தைரியம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே தடுப்புக் கம்பிக்குப் பின்னால் அழகுமலை மாமா நின்றார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எப்போது வந்தாலும் "மாமனுக்கு என்னத்தக் கொண்டாந்த?" என்று பெட்டியை அங்கேயே திறக்கப் பார்க்கிறவர்.

"வா கிளி" என்றார். பையை வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். மாமா தானே ஓட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்?"

"மொதல்ல வீட்டுக்குப் போயிருவோம்."

"அம்மா எப்படி மாமா இருக்கு?"

"அக்கா நல்லாருக்கு."

"நல்லாருந்தா எனக்கு எதுக்கு மாமா டிக்கெட்டு?"

மாமா ஹாரனை அடித்தார். எதிரில் வண்டி ஒன்றும் இல்லை.

"அப்பா எங்க?"

"வீட்ல இருக்காரு."

பெண்டாட்டியை ஐசியூவில் போட்டுவிட்டு அப்பா வெள்ளைத்துரை வீட்டில் இருப்பாரா? பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. கப்பலூர் தாண்டி வண்டி வாடிப்பட்டிப் பக்கம் திரும்பியதும் மாமாவின் போன் அடித்தது. "வந்துக்கிட்டே இருக்கோம்ப்பா. சேர் எம்புட்டு போட்டுருக்கு? பத்தாது. நெழல்ல போடு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

சீட்டில் அவள் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பை கிடந்தது. ஜவுளிக்கடைப் பை. அவளுக்குப் புரிந்தது. ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் புதுச் சேலை கொண்டு வந்து போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி. அம்மாவுக்குப் பிறந்த வீடென்று மிச்சம் இருப்பது மாமாதான்.

அப்போதும் அவள் அழவில்லை. மாமா நல்ல சேலையாக எடுத்தாரா என்றுதான் பார்க்கத் தோன்றியது. மாமா கொஞ்சம் கை இறுக்கம். அம்மா பூவும் பொட்டுமாகப் போகிறவள், சிவப்போ அரக்கோ பட்டுக் கரையோடு எடுத்திருக்க வேண்டும். மட்டமாக இருந்தால் பச்சைச் சேலையைப் போர்த்திவிடலாம். பையை இழுத்துப் பிரித்தாள்.

வெள்ளைச் சேலை. கரைகூட இல்லாத வெள்ளை.

கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று முதலில் நினைத்தாள். புருஷன் இருக்கச் சாகிறவளுக்கு யாராவது வெள்ளை போர்த்துவார்களா? பிறகு அவள் விரல்கள் சேலையின்மேல் அப்படியே நின்றுவிட்டன. வெள்ளைக் கோடி செத்தவளுக்கு அல்ல, உயிரோடு உட்கார்ந்திருப்பவளுக்கு. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அவள் கூடப்பிறந்தவன் கொண்டு வருவது.

அக்கா நல்லாருக்கு. அப்பா வீட்ல இருக்காரு. மாமா ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"மாமா, வண்டிய நிப்பாட்டுங்க."

துவரிமான் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"அப்பாவா?"

மாமா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். "நேத்துப் பொழுது சாய மோட்டார நிப்பாட்டப் போனாரு. தொட்டிகிட்டயே உக்காந்துட்டாரு. போய்ப் பாக்கயில முடிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் மாமா அம்மாவுக்குன்னு சொன்னீங்க?"

"நாங்களாச் சொல்லல கிளி."

"பின்ன?"

"அக்காதான் சொல்லுச்சு. அவருக்குன்னா அந்தப் புள்ள வழியிலயே விழுந்துருவா, எனக்குன்னு சொல்லுங்க, எனக்குன்னா தாங்கிக்கிருவான்னு."

செல்லக்கிளி அழுதாள். அப்பாவுக்காகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அம்மாவுக்காக மாறிவிட்டது. கடலுக்குமேல் தான் நினைத்ததை, ஊரில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே அம்மா முதல் நாளே தெரிந்து வைத்திருந்தாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மாமா தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் பையைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்தாள். ஜவுளிக்கடைப் பையிலிருந்த வெள்ளையை உருவித் தன் பைக்குள் திணித்தாள். அந்த இடத்தில் பச்சையை வைத்தாள். மாமா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தலுக்கடியில் சேர்களில் இருந்த ஆண்கள் காரைப் பார்த்து எழுந்தார்கள். மாமா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"ஊர்ல கேப்பாக கிளி" என்றார் மெதுவாக.

"கேட்டா, நீங்க எடுத்ததுன்னு சொல்லுங்க மாமா."

மாமா ஜவுளிக்கடைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவளுடைய பை சீட்டிலேயே கிடந்தது. விமான நிலையத்தில் மாட்டிய அட்டை அதன் பிடியில் தொங்கியது. ஜிப் முழுக்க மூடாமல் வெள்ளை நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வாசல் நிறையப் பெண்கள். நடுவில் ஐஸ் பெட்டி. அதன் தலைமாட்டில் அம்மா, நெற்றியில் யாரோ பெரிதாக வைத்துவிட்ட குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தாள். மகள் வருகிறாள் என்று யாரோ சொன்னதும் கூட்டத்துக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. மகளுடைய கால் தடுமாறுகிறதா என்றுதான் பார்த்தாள்.

செல்லக்கிளி தடுமாறாமல் நடந்து போனாள்.