கடைசி வாரத்து ஆட்கள்

ஞாயிறு

இன்று அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால், "வாங்கிடலாம்" என்று முதலில் சொன்னது யார் என்று நினைவில்லை. அத்தானாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். நானில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

பழைய வீடு. பெரிய முன்னறை, அதன் பின்னால் ஒரு சின்ன அறை, சமையலறை. மொட்டைமாடித் தளம் முழுவதும் மர உத்திரங்களின் மேல் நிற்கிறது. பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்ததாம். அதே தெருவில் மற்ற வீடுகளுக்குச் சொல்லும் விலையில் பாதிகூட இல்லை.

அக்கா முழுகாமல் இருக்கிறாள். இப்போதிருக்கும் வாடகை வீட்டை அவளுக்குப் பிரசவம் ஆகும் சமயத்தில் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரருடைய மகன் குடும்பத்தோடு வருகிறாராம்.

எங்கள் எல்லோருக்கும் கட்டடங்களை நம்பித்தான் பிழைப்பு. அப்பா பெயின்டர். அத்தான் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். அக்காவும் நானும் ஒரு கடையில் திரைச்சீலை தைக்கிறோம். ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போது எங்களில் யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. கொத்தனாரும் தச்சரும் கிளம்பிப் போனபிறகு, குடிவருகிறவர்கள் அவசரப்படுத்தும் கடைசி வாரத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த வீடு அந்த வாரத்து வீடுதான்.

"சுவரெல்லாம் கல்லு மாதிரி. ஒரு மேக்கப் போட்டா போதும்," என்றார் தரகர். "கல்யாணப் பொண்ணைத் தூங்கி எழுந்த உடனே பாத்தா எப்படி இருக்கும்? இது அதுதான்."

"பொண்ணு பாக்கப் போனப்ப இப்படிச் சொல்லித்தான் உங்களையும் ஏமாத்தினாங்களா?" என்று அக்கா கேட்டாள். தரகரே சிரித்துவிட்டார்.

அத்தான் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "நடுவுல ஒரு வட்டம், சுத்தி மறைவிளக்கு. யோசிச்சுப் பாருங்க மாமா."

அப்பா நகத்தால் சுவரைச் சுரண்டினார். "ரெண்டு கை பட்டி, ஒரு கை பிரைமர். கண்ணாடியாயிடும் மாப்பிள்ளை."

ஒரு மூலையில் உத்திரம் சுவருக்குள் போகும் இடம் டீ கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"பழைய மரம்மா. வயசானா கறை விழாதா? உங்கப்பா பல்லைப் பாரு," என்றார் தரகர்.

ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டலாமா என்றேன். அப்பா கையை வீசினார். "கொத்தனார் இடிக்கத்தான் சொல்வான். இடிச்சாத்தானே அவனுக்கு வேலை."

"இன்ஜினியரம்மா இப்பத்தான் சாயங்கால வகுப்புல சேந்திருக்காங்க, அதுக்குள்ள பேச்சைப் பாத்தீங்களா மாமா!" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டட வரைபடத்தில் இதுவரை நான் கற்றது பென்சிலை எப்படிச் சீவுவது என்பதுதான்.

சனி

ஒரு மாதம் அலைந்து வீடு எங்களுடையதாகிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது. அக்காவின் நகையும் அப்பாவின் சேமிப்பும் போய்விட்டன, வங்கிக் கடன் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் இத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்பா மொட்டைமாடி முழுக்கத் தண்ணீர் இறங்காத வெள்ளைப் பூச்சை அடித்தார். அடைத்துக் கிடந்த மழைநீர்க் குழாயைச் சுற்றித் தளம் ஈரமாகவே இருந்தது. "மேல காஞ்சா உள்ள தானா காஞ்சிடும்," என்றார். கீழே அத்தான் கம்பிச் சட்டத்தை உத்திரங்களில் தொங்கவிட்டு, ஜிப்சம் பலகைகளை முடுக்கி, இடைவெளிகளில் நாடா ஒட்டிப் பூசினார். ஊரான் வீட்டுக்கு இவ்வளவு பொறுமையாக அவர் பூசியதில்லை. விளக்கைப் போட்டபோது அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கறுத்த மூலைக்குக் கீழேதான் தொட்டில் என்று அவள் முடிவு செய்தாள். அங்கேதான் காற்று வருகிறது. இப்போது அங்கே கறுப்பு எதுவும் இல்லை.

செவ்வாய்

மழைக்காலம் முடிந்துவிட்டது. நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், பிரசவத்துக்குள் இங்கே குடிவர வேண்டும். சீலிங்கில் அந்த மூலையில் பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. அத்தான் நாடா ஒட்டிப் பூசினார். அப்பா அதன்மேல் ஒரு கை அடித்தார். மறுபடி விழுந்தது, மறுபடி பூசினார்கள். அவர்கள் தொழிலில் விரிசல் என்றால் பூச வேண்டிய ஒன்று. அதற்கு வேறு பொருள் கிடையாது.

வகுப்பில், தெரிந்த அறை ஒன்றைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்து வரச் சொன்னார்கள். நான் முன்னறையை எடுத்துக்கொண்டேன். தரையிலிருந்து சீலிங் வரை எல்லா மூலைகளிலும் அளந்தேன். அந்த மூலையில் மட்டும் ஒரு விரற்கடை குறைந்தது. அளவுநாடா முறுக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஏணி சாய்வாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது முறை அளந்தபிறகும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

அத்தானிடம் சொன்னேன்.

"என் சீலிங் சாஞ்சிருக்குன்னு சொல்றியா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தரை மேடும் பள்ளமுமா கிடக்கு. அதுல நின்னு அளந்தா உங்கக்காவே ஒரு பக்கம் குட்டையாத்தான் தெரிவா."

"நான் எல்லாப் பக்கமும் குண்டாத்தான் தெரியுறேன், விடுங்க," என்றாள் அக்கா.

அவர் சொன்னது நியாயம்தான். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருண்டு ஓடுகிறது. ஆனால் தரையை நம்பாமல் அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

வெள்ளி

அத்தானின் பையிலேயே மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் உண்டு. "உன் சந்தேகம் தீரட்டும் வா," என்று ஒரு முனையை அவரே பிடித்தார். நான் மறுமுனையோடு மூலை மூலையாகப் போனேன். குழாயில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சுவரில் கோடு போட்டு, அங்கிருந்து மேல்நோக்கி அளந்தேன். மற்ற மூலைகளில் ஒரே அளவு. அந்த மூலையில் குறைந்தது, செவ்வாய்க்கிழமையைவிட அதிகமாக.

அத்தான் என்னிடமிருந்து குழாயை வாங்கி, அந்த மூலையில் தானே பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஏணியைக் கொண்டுவந்தார்.

பலகையைக் கழற்றியதும் ஈரத்துணியை மடித்து வைத்த பெட்டியைத் திறந்ததுபோல நாற்றம் வந்தது. உத்திரத்தின் முனை சுவரில் தன் இடத்தைவிட்டுக் கீழே நசுங்கி இறங்கியிருந்தது. அத்தான் திருப்புளியை அதில் அழுத்தினார். ஊறின ரொட்டியில் இறங்குவதுபோலப் பிடிவரை இறங்கியது.

அப்பா கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல நான் அடைச்சேன். கீழ நீங்க அடைச்சீங்க. நடுவுல இருந்த தண்ணி எங்க போகும் மாப்பிள்ளை?"

அத்தான் திருப்புளியை உருவித் துடைத்தார்.

சாயங்காலம் கொத்தனார் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர் உள்ளே கால் வைக்கவில்லை. "மொத்தத் தளத்தையும் எறக்கணும். பின்னறையும் இதே உத்திரத்துலதான் நிக்குது. இரும்பு முட்டு குடுத்தா கொஞ்ச நாள் தாங்கும். ஆனா கீழ யாரும் படுக்காதீங்க." தளத்தை இறக்கிப் புதிதாகப் போட என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டு அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கள்

"வித்துடலாம்," என்றார் அத்தான். இதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"யாரு அத்தான் வாங்குவாங்க?"

"நாம வாங்கலையா? நாம வாங்கினப்ப இது எப்படிக் கிடந்தது, இப்ப எப்படி இருக்கு."

"வாங்கிறவங்க இதுக்குள்ள இருப்பாங்களே."

"நமக்கு யாராவது சொன்னாங்களா?" குரல் உயர்ந்தது. "சொல்லு. உனக்கு யாராவது சொன்னாங்களா? கடனை நீ கட்டுறியா? உங்கக்காவை நடுத்தெருவுல படுக்க வைக்கிறியா?"

முட்டாவது கொடுத்து வைப்போம் என்றேன். நடுவீட்டில் இரும்புக் கம்பம் நின்றால் எவன் வாங்குவான் என்றார். எனக்கு வரையத்தான் சொல்லித் தருகிறார்கள்.

பலகையை அவர் மறுபடி மாட்டினார். கடைசிப் பூச்சை அப்பா தன் கையாலேயே பூசினார். உப்புத்தாள் போட்டு, ஊதி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, மறுபடி பூசினார். எங்கே என்று தெரிந்த எனக்கே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவின் கைக்கு இதைவிட நல்ல வேலை வராது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

ஞாயிறு

தரகர் ஒரு கணவனையும் மனைவியையும் கூட்டிவந்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவர்கள் இருப்பார்கள். அந்தப் பெண் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, அக்கா அன்று செய்ததுபோலவே அண்ணாந்து பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன் விக்கிறீங்க?" என்று அவள் கணவன் கேட்டான்.

"வேலை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க சார்," என்றார் அத்தான். அவர் கூலிக்குப் போகிறவர். அவரை யார் மாற்றுவது?

அந்தப் பெண் மூலைக்குப் போய் இரண்டு கையையும் விரித்து அளந்தாள். "கட்டிலை இங்க போட்டுக்கலாம்ங்க. காத்து நல்லா வருது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அங்க போடாதீங்க," என்றாள்.

"அங்க வெயில் அடிக்கும், அதைச் சொல்றா," என்று அத்தான் சிரித்தார். அக்கா தலையை ஆட்டியிருந்தால் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"என் பிள்ளையை நான் அங்க படுக்க வைக்க மாட்டேன்," என்றாள்.

அந்தக் கணவன் சீலிங்கைப் பார்த்தான், அப்புறம் அக்காவின் வயிற்றைப் பார்த்தான். மனைவியின் தோளைத் தொட்டான். இரண்டு பேரும் செருப்பைச் சரியாக மாட்டாமலேயே படி இறங்கினார்கள்.

அதன்பிறகு அத்தான் அக்காவிடம் பேசுவதில்லை. "அவளைக் கேளு, சாப்பிடறாளான்னு," என்று என்னிடம் சொல்கிறார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

புதன்

நேற்று அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். காலையில் அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியைக் கையில் வைத்தார்.

"மத்தியானம் தரகர் வேற ஆளைக் கூட்டிட்டு வர்றாரு. நான் இங்க இருக்கணும். நீ தொறந்து காட்டு. வாயத் தொறக்காதே, அது போதும்."

அக்கா அங்கே வர முடியாத நாளுக்காக அவர் காத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

கூட அப்பா வந்தார். உள்ளே போனதும் நான் ஏணியை எடுத்தேன். மேலே ஏறி அந்த இணைப்பைத் தேடினேன். விரலால் தடவிப் பார்த்தும் அகப்படவில்லை.

"எறங்கு, நீ தேடாதே," என்றார் அப்பா. "எங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

ஏறி, பட்டி பூசும் தகட்டால் இணைப்பை ஒரே இழுப்பில் கீறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். திருகுகளைக் கழற்றிப் பலகையைக் கீழே கொடுத்தார். அதைச் சுவரில் சாய்த்துவைத்தேன். உத்திரத்தின் முனை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டு இருவரும் வெளியே வந்து நின்றோம். தரகர் இரண்டு ஆட்களோடு வந்தார். உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், அதை எழுத வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் அத்தான் குழந்தையை மடியில் வைத்திருந்தார். பழக்கமில்லாததால் ஒரு கனமான பலகையைத் தாங்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"அந்த மூலைப் பலகையை எடுத்துட்டோம் அத்தான். வந்தவங்க பாத்துட்டாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "உடைச்சீங்களா, கழட்டினீங்களா?" என்று கேட்டார்.

"கழட்டினோம்."

"அப்ப மறுபடி மாட்டிடலாம்," என்றார். கோபமே இல்லாமல், வேலை நேரத்தில் சொல்வதுபோலச் சொன்னார். அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவி," என்றாள் அக்கா. கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சாவியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். எழுந்துபோய் எடுப்பது அவருக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அவர் இரண்டு கையிலும் குழந்தை இருந்தது. அதை வாங்கிக்கொள்ள நாங்கள் யாரும் முன்வரவில்லை.

சனிக்கிழமை அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாடகை வீட்டை அதற்குள் காலி செய்ய வேண்டும். எந்த வீட்டுக்கு என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.