எல்லாப் பல்லிலும் பொட்டு

விஜயதசமி காலையில் திண்டிவனத்து பஸ் ஷெட்டைத் திறந்த முருகையன், பலகையைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்தான். முதல் நாள் ஆயுத பூசை. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலகைமேல் இருந்த இரண்டு பல் சக்கரங்களில் ஒரு பல் விடாமல் பொட்டு ஏறியிருந்தது.

அந்த இரண்டிலும் அவன் தலா ஒரு பொட்டுதான் வைத்திருந்தான். பிஸ்டனை ஏற்றி இறக்குகிற தண்டில் சின்னச் சக்கரம். வால்வைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டில் பெரியது. இரண்டும் சரியான பல்லில் கோத்தால்தான் இன்ஜின் ஓடும். பழைய பஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டிய சக்கரங்களாதலால் கம்பெனிக் குறி தேய்ந்து மறைந்திருந்தது. பெரியதை உளியால் கொத்திக் குறி வைக்கலாம் என்றால் அது இரும்பில்லை, நாரை அழுத்திச் செய்த சக்கரம். ஒரு தட்டுக்கு விண்டுவிடும். அதனால் பிரிப்பதற்கு முன்னால் பெண்டாட்டியின் செப்பிலிருந்து குங்குமம் எடுத்து, எண்ணெயில் குழைத்து, பொருந்துகிற பல்லில் பொட்டு வைத்துவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

"பூமாலை" என்று போட்ட சத்தத்தில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டி மாவுக்கையோடு ஓடிவந்தாள். "இந்த சக்கரத்துக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நாந்தான். நீ ஒரு பல்லுக்கு வெச்சிட்டு மத்ததை மறந்துட்டியேன்னு, நல்லா தொடைச்சிட்டு எல்லாத்துக்கும் வெச்சேன். அதுல என்னா தப்பு?"

அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தான். ஆனால் தப்பு அவள்மேல் இல்லை. பூசைக்கு வைக்கிற குங்குமத்தாலேயே அடையாளம் வைத்தவன் அவன். பூசை நாள் வரும் என்று தெரியாமலா இருந்தான்?

முதலாளி சக்கரபாணி உச்சிப்பொழுதுக்கு வருவார். இன்ஜினை வண்டியில் ஏற்றி விழுப்புரத்துப் பட்டறைக்கு அனுப்ப இருந்தவரிடம், "நானே பூட்டிடறேங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் முருகையன். விஜயதசமிக்கு ஓடினால் ஷெட் உன் பொறுப்பு, ஓடாவிட்டால் மறுபடி பஸ் கழுவப் போ என்று அவரும் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பஸ் கழுவிய கை அது. இன்னொரு தடவை வாளியைத் தூக்க அவன் தயாராக இல்லை.

"பேஜாரா போச்சி. எந்தப் பல்லு எதுல உக்காரணும்னு சாமிக்குத்தான் தெரியும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பூமாலை பக்கத்தில் குந்தினாள். "பொட்டுதான போச்சி. அந்தச் சக்கரம் என்னா வேல செய்யணும்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அது தெரிந்துதானே பிரித்தான். சட்டென்று எழுந்தான். சிலிண்டர் மூடி இன்னும் மாட்டவில்லை. பிஸ்டனும் வால்வுகளும் கண்ணுக்கு எதிரே இருந்தன. முதல் பிஸ்டன் புகையைத் தள்ளி முடித்து உச்சிக்கு வருகிற அந்தக் கணத்தில், புகை வால்வு மூட வேண்டும், காற்று வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டால் பொட்டு எதற்கு?

இரண்டு சக்கரத்தையும் கண்மதிப்பில் கோத்து மாட்டினான். கற்பூரம் சுற்றியிருந்த மெல்லிய தாளைக் கிழித்து இரண்டு துண்டாக்கினான். இரண்டு வால்வின் அடியிலும் ஒவ்வொன்றாக, அதைத் தூக்கிவிடும் தண்டுக்கும் வால்வுக்கும் நடுவே செருகினான். வால்வு தூக்கியிருந்தால் தாள் இறுகும், மூடியிருந்தால் லேசாக வரும்.

"இன்ஜின் கைப்பிடியப் புடி. மெல்ல சுத்து. நான் நில்லுன்னா நில்லு."

பூமாலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றினாள். பிஸ்டன் ஏறியது. புகைப் பக்கத்துத் தாள் இறுகியிருந்தது, இழுத்துக்கொண்டே இருந்தான், உச்சிக்கு வருமுன்பே அது விடுபட்டு வந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளிக் கோத்தான். இப்போது இன்னும் முன்னால் விடுபட்டது. தப்பான பக்கம் தள்ளியிருக்கிறான். அவனுக்குக் கோபமே வரவில்லை, உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. இரண்டு பல் பின்னால் கொண்டுபோய்க் கோத்தான்.

"சுத்து. ஜல்தி வேணாம், மெல்ல. நில்லு. இன்னும் ஒரு நூல். நில்லு."

பிஸ்டன் உச்சியில் நின்றது. புகைத் தாள் விரலோடு வழுக்கி வந்தது. காற்றுத் தாள் லேசாகக் கவ்வியது. முருகையன் சிரித்தான். நம்பாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னான். அதே இடத்தில் ஒன்று விட்டது, ஒன்று கவ்வியது.

"கெடச்சிடுச்சி பூமாலை" என்றபோது அவன் குரல் உடைந்தது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் கைப்பிடியை விடவில்லை.

பிறகு மூடி மாட்டி, தீப்பொறி விழும் நேரத்தையும் அதற்கேற்பத் திருத்தி வைத்து, தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது, முதலாளியும் வந்துவிட்டார். முருகையன் கைப்பிடியைச் சுழற்றினான். இன்ஜின் ஒருமுறை இருமியது. இரண்டாம் தடவை நான்கு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே ஒலக்கூர் போகக் காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது.

சக்கரபாணி காதைச் சாய்த்துக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து தன்னிடமிருந்த ஷெட் சாவியையும் எடுத்து நீட்டினார். "அடுத்த மாசம் ரெண்டாவது பஸ்ஸும் பிரிக்கணும்பா."

"பிரிச்சிடலாங்க" என்றான் முருகையன். சாவி உள்ளங்கையில் சுட்டது.

அவர் போனதும் பூமாலை மெல்லச் சொன்னாள். "அடுத்த வண்டிக்காச்சும் ஒழுங்காப் பொட்டு வெச்சிக்கினு பிரி. நான் தொட மாட்டேன்."

"பொட்டு வேணாம்" என்றான் அவன். சாவியை அவள் முந்தானையில் முடிந்தான். "நீ கைப்பிடி சுத்த வந்துடு."