தலையாட்டலும் இரண்டு கம்பிகளும்

என் கணவர் லூபென் இறந்தபின் பல்கேரியத் தலைநகர் சோபியாவில், எங்கள் ஆய்வகத்தின் அந்தக் காலைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

சிறு வண்டியின்மேல் ஒரு கோலை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். கோல் சாயும் பக்கமே வண்டி தானாக ஓடி அதைத் தாங்க வேண்டும். துறைத்தலைவர் வரும்போது கோல் ஒரு நிமிடமாவது நிற்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள்.

அவர் வர இன்னும் ஓரிரு நிமிடங்கள்தான். வண்டியோ எதிர்ப்பக்கம் ஓடிக் கோலைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது.

"என் கணக்குல தப்பில்ல, ரைனா," என்றார் லூபென்.

"உங்க கணக்கு எப்பத் தப்பாச்சு? கோலுக்குத்தான் கணக்கு வரல."

வண்டியின் மோட்டார் கம்பிகளை இணைக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஹோர்ஸ்ட் லூபெனை முறைத்தார். "ரெண்டு கம்பியையும் மாத்திப் போடணுமான்னு நேத்தே கேட்டேன். நீங்கதான் வேணாம்னு தலையாட்டினீங்க."

"எப்படி ஆட்டினேன்?"

ஹோர்ஸ்ட் தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ மனுஷா, எங்க ஊர்ல அதுக்கு ஆமாம்னு அர்த்தம்."

லூபென் பாய்ந்து கம்பிகளை மாற்றினார். கோல் சாய்ந்தது, வண்டி அதன் அடியில் ஓடிப் புகுந்தது. நான் நொடிகளை உரக்க எண்ணினேன். நாற்பதில் கதவு திறந்தது. துறைத்தலைவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். அறுபது. எழுபது. கோல் நடுங்கியபடி நின்றுகொண்டே இருந்தது.

"ஆய்வகம் இருக்கலாமா, தோழரே?" என்றார் லூபென்.

கோலைவிட்டுக் கண்ணெடுக்காமல் துறைத்தலைவர் தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டினார்.

ஹோர்ஸ்ட்டின் முகம் தொங்கிப்போனது. நாங்கள் இருவரும் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தோம்.